பழைய ஞானஸ்நானப் புத்தகத்தில் தாத்தாவைத் தேடுவது: புதுச்சேரி, கடலூர் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊர்ப் பெயர் தெரிந்தால் போதும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தவறான பீரோவைத்தான் திறக்கிறார்கள். புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் நான்கைந்து தலைமுறையைத் தேட, ஊரோடு இன்னொன்றும் தெரிய வேண்டும்: குறிப்பிட்ட வருஷத்தில் அந்த ஊர்க் கோவில் எந்தச் சபைச் சாமியார்களின் பொறுப்பில் இருந்தது, அந்த மண் பிரெஞ்சுக்காரருடையதா இங்கிலீஷ்காரருடையதா? ஏடு எந்த மொழியில் இருக்கும், எத்தனை பிரதி எழுதியிருப்பார்கள், இன்று எங்கே கிடக்கிறது எல்லாம் அதைப் பொறுத்தது.

ஆகவே முதலில் கொஞ்சம் சரித்திரம். புதுச்சேரியில் 17ஆம் நூற்றாண்டிலேயே கப்புச்சின் சாமியார்கள் இருந்தார்கள். ஐரோப்பியரும், போர்ச்சுகீசியக் கலப்பு வழியில் வந்த டோப்பாஸ் குடும்பங்களும் அவர்கள் பொறுப்பு. கப்ஸ் கோவில் என்று இன்றும் சொல்கிற சம்மனசுகளின் மாதா கோவிலின் பெயரே அவர்களிடமிருந்து வந்ததுதான். தமிழ்க் கிறிஸ்தவர்கள் சேசு சபையார் பொறுப்பு. அவர்கள் கோவில்தான் சம்பா கோவில்; சம்பாவுலு, அதாவது புனித பவுல், மருவி அப்படி ஆயிற்று. இப்போது நிற்கிற கட்டடம் 1791ஐச் சேர்ந்தது. 1773இல் பாப்பரசர் சேசு சபையைக் கலைத்தபின், 1776இல் பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சு சாமியார்கள் பொறுப்பேற்றார்கள். அடுத்த நூறு, நூற்றைம்பது வருஷத்து ஏடுகளில் நீங்கள் பார்க்கப்போகும் கையெழுத்து பெரும்பாலும் அவர்களுடையது.

நிர்வாக எல்லையும் சுருங்கிக்கொண்டே வந்தது. 1836இல் கோரமண்டல் கரை முழுவதற்குமான அப்போஸ்தலிக்க விகாரியத்து, அதாவது முழு மறைமாவட்டம் ஆவதற்கு முந்தைய நிலை. 1850இல் மைசூரும் கோயம்புத்தூரும் பிரிந்தன. 1886இல் புதுச்சேரி அதிமேற்றிராசனம், அதாவது உயர்மறைமாவட்டம் ஆனது. 1899இல் கும்பகோணம், 1930இல் சேலம் பிரிந்தன. 1953 முதல் புதுச்சேரி-கடலூர் என்ற இரட்டைப் பெயர். இதன் நடைமுறைப் பலன் என்ன? இன்று வேலூர் மறைமாவட்டத்தில் இருக்கும் சேத்துப்பட்டுக்கு வேதம் போனது புதுச்சேரி மிஷன் வழியாக. அந்தக் காலத்துக் கடிதங்களை வேலூரில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

கடற்கரையோர ஊர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1606இல் ஏற்பட்ட மயிலாப்பூர் மேற்றிராசனம் (மறைமாவட்டம்) போர்ச்சுகல் அரசரின் பதுரவாதோ உரிமையின் கீழ், அதாவது ஆயர்களை நியமிப்பதில் அரசருக்கு இருந்த புரவலர் உரிமையின் கீழ் இருந்தது. பிரெஞ்சு சாமியார்களோ ரோமாபுரியின் வேதபரப்புதல் சபைக்குக் கட்டுப்பட்டவர்கள். 1838இல் பாப்பரசர் பதுரவாதோ அதிகாரத்தைக் குறைத்தபோது மூண்ட சண்டையில் சில இடங்களில் ஒரே ஊரில் இரண்டு கோவில், இரண்டு புத்தகம் என்று ஆனது. பிரெஞ்சு சாமியார் புத்தகத்தில் குடும்பம் திடீரென்று காணாமல் போனால் செத்துப்போனார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். அடுத்த தெருக் கோவிலுக்குப் போயிருக்கலாம். அந்த ஏடு போர்ச்சுகீசிய மொழியில், மயிலாப்பூர்க் கணக்கில் இருக்கும். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதா கோவிலோ வீரமாமுனிவர் காலத்துச் சேசு சபையாரின் மதுரை மிஷனோடு சேர்ந்தது. அந்தக் காலத்துச் செய்திகளுக்குச் சேசு சபையாரின் ஆண்டுக் கடிதங்களைத்தான் பார்க்க வேண்டும். அவர்களுடைய ஆவணக் காப்பகம் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருக்கிறது.

முதல் வேலை வீட்டில்

அப்பா அம்மாவின் ஞானஸ்நானச் சான்றிதழ், மெய்விவாகச் சான்றிதழ், கல்லறைக் கல், ஜெபப் புத்தகத்தின் உள் அட்டை, இந்த நான்கையும் பார்த்துவிட்டு வெளியே கிளம்புங்கள். பெரியவர்களிடம் தேதி கேட்டால் தப்பாகத்தான் சொல்வார்கள். தேதியை விட்டுவிட்டு, ஞானத்தகப்பன் ஞானத்தாய் யார், கொள்ளுப்பாட்டியின் பிறந்த ஊர் எது, வீட்டில் கூப்பிட்ட பெயர் என்ன, கோவில் பெயர் என்ன என்று கேளுங்கள். குடும்பப் பெயரே இல்லாத புத்தகத்தில் இரண்டு சவரிமுத்துக்களைப் பிரித்துக் காட்டுவது ஞானப் பெற்றோரும் ஊரும்தான்.

கோவில் விழா மலர்களில் வரும் பங்கு வரலாற்றை (பங்கு என்பது ஒரு சாமியார் பொறுப்பிலுள்ள கோவில் வட்டாரம்) வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்; ஆதாரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மலரில் விழுந்த தப்பு வருஷம் அடுத்த ஐந்து மலர்களிலும் அப்படியே இருக்கும்.

எந்தக் கோவில் புத்தகம்?

உங்கள் ஊரில் இன்று பங்குக் கோவில் இருக்கலாம். 1870இல் அது ஏதோ ஒரு பங்கின் கிளைக் கிராமமாக இருந்திருக்கும். மறைமாவட்டக் கையேட்டில் ஒவ்வொரு பங்கும் தொடங்கிய வருஷம் இருக்கும். அதற்கு முந்தைய காலத்துக்குத் தாய்ப்பங்கு எது என்று பங்குச்சாமியாரிடம் கேட்டு, வருஷத்தோடு ஒரு சங்கிலி போல எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லாரும் கோட்டை விடுகிற ஓர் இடம் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில். பிள்ளை பிறந்த சில நாளிலேயே ஞானஸ்நானம். ஆகவே மூத்த பிள்ளையின் பதிவு தகப்பன் ஊர்ப் புத்தகத்தில் இருக்காது. அம்மாவின் ஊர்ப் புத்தகத்தில் இருக்கும். கல்யாணப் பதிவையும் பெண் வீட்டுப் பங்கில் முதலில் பாருங்கள். இரண்டாவது பிள்ளையிலிருந்துதான் தகப்பன் ஊரில் தேட வேண்டும்.

ஊர்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் முகம் மாறியிருக்கும். உழவர்கரை உல்காரே, வில்லியனூர் வில்லெனூர், பாகூர் பாஹூர், கடலூர் கூதலூர். கடலூரைப் பழைய தமிழ் ஏட்டில் கூடலூர் என்று எழுதியிருப்பார்கள். நீலகிரிக் கூடலூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கடலூர் என்று மட்டும் இருந்தால் அது முதுநகரா, மஞ்சக்குப்பமா, திருப்பாதிரிப்புலியூரா என்று கையெழுத்துப் போட்ட சாமியார் எந்தக் கோவிலில் இருந்தார் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். பரங்கிப்பேட்டை எப்போதும் போர்த்தோ நோவோதான்.

அனுமதி

பங்குச்சாமியாருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். உங்கள் பெயர், உறவு, தேடும் நபர், ஏறக்குறைய எந்தப் பத்து வருஷம், எந்தப் புத்தகம், படம் எடுக்க வேண்டுமா, எந்த நாளில் வர வசதி. ‘எல்லாப் புத்தகமும் வேண்டும்’ என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ஞாயிறு, திருவிழா நவநாள், தபசுகாலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) வேண்டாம். செவ்வாய், புதன் காலைப் பூசைக்குப் பின் நல்லது. தன் நிலைமை சம்பந்தப்பட்ட பொது ஆவணத்தின் நகலைப் பெற 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 487ஆம் பிரிவு ஒருவருக்கு உரிமை தருகிறது. அது உங்கள் பதிவுக்கு; பக்கத்து வீட்டுக்காரர் பதிவுக்கு அல்ல. உயிரோடிருப்பவர்களின் பக்கங்களைப் புரட்டக் கேட்காதீர்கள். மிகப் பழைய புத்தகம் பங்கில் இல்லாவிட்டால் பேராயர் இல்லத்துக்கு மாற்றியிருக்கிறார்களா என்று சாமியாரிடமே கேட்டு, அவர் கடிதத்தோடு போங்கள்.

ஏட்டைக் கையாள்வது

எடுத்துப் போக வேண்டியவை: இரண்டு பென்சில், ஒரு நோட்டு, ஒரு அடிக்குச்சி, இரண்டு துவாலை, முழு சார்ஜில் போன். பேனா வேண்டாம். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்ட வேண்டாம். கையைக் கழுவித் துடைத்துக் காயவிட்டால் போதும், துணியுறை போட்டால் விரல் உணர்வு போய்த் தாள்தான் கிழியும்.

கடற்காற்று ஊரில் ஏட்டுக்கு எதிரி மூன்று: ஈரம், ராமபாணப் பூச்சி, கரையான். இவற்றோடு மையும் சேரும். அந்தக் காலத்து இரும்பு மை அமிலத்தன்மை உள்ளது. அழுத்தி எழுதிய இடத்தில் தாளையே தின்றுவிடும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவிலேயே ஓட்டை இருக்கும். அப்படிப்பட்ட தாளைத் தூக்காமல், அடியில் கெட்டித் தாள் ஒன்றை நுழைத்து அதோடு சேர்த்துப் புரட்டுங்கள். புத்தகத்தை மேசையில் தட்டையாகப் பிளந்து வைத்தால் முதுகு ஒடியும். இரண்டு பக்கமும் துவாலையைச் சுருட்டி முட்டுக் கொடுத்து, திறந்த அளவுக்கு மட்டும் திறங்கள். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்க முயலாதீர்கள். கிழிசலுக்கு செலோ டேப், மொத்தப் புத்தகத்துக்கு லேமினேஷன், பூஞ்சைக்கு வெயில்: நல்லெண்ணத்தில் செய்யும் இந்த மூன்றும் கரையானைவிட அதிகம் கெடுத்திருக்கின்றன.

படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் இடது பக்கமிருந்து விழட்டும், மின்விசிறி நிற்கட்டும். முதல் படம் அட்டை, இரண்டாவது தலைப்புப் பக்கம், பிறகு ஒவ்வொரு பக்கமும் நான்கு ஓரமும் தெரிய. வெறும் பக்கத்தையும் எடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் ‘இங்கே பக்கம் விட்டுப்போனதா, பதிவே இல்லையா’ என்று தெரியாது. கோப்புக்குப் பெயர் பங்கு, புத்தக வகை, வருஷம், பக்கம் என்ற வரிசையில். வெளிறிய பழுப்பு மை படிக்க வராவிட்டால், படம் திருத்தும் செயலியில் நீல வண்ணப் பகுதியை மட்டும் பிரித்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வரி எழுந்து நிற்கும்.

லத்தீன் பதிவைப் படிப்பது

லத்தீன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பதிவு ஒரே அச்சில் வார்த்த சூத்திரம், சுமார் முப்பது சொல் போதும். ஒரு மாதிரிப் பதிவு இப்படிப் போகும்: ‘ஆன்னோ தோமினி 1868, தியே 14 மென்சிஸ் 9பிரிஸ், ஏகோ இன்ஃப்ராஸ்க்ரிப்துஸ் மிஸ்ஸியோனாரியுஸ் அப்போஸ்தொலிக்குஸ் பாப்திசாவி அந்தோனியும், ஃபிலியும் லெஜித்திமும் சவரிமுத்து எத் மரியே, நாத்தும் தியே 11.’ கர்த்தர் பிறந்த 1868ஆம் வருஷம் நவம்பர் 14ஆம் நாள், அடியில் கையெழுத்திட்ட அப்போஸ்தலிக்க வேதபோதகராகிய நான், சவரிமுத்துக்கும் மரியாளுக்கும் முறைப்படி 11ஆம் தேதி பிறந்த மகன் அந்தோணிக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன் என்பது பொருள். பின்னால் பாத்ரினுஸ் என்று வருபவர் ஞானத்தகப்பன், மாத்ரினா ஞானத்தாய்.

9பிரிஸ் எப்படி நவம்பர்? ரோமர் மாதக் கணக்கு மார்ச்சில் தொடங்கியது. 7பிரிஸ் என்றால் செப்டம்பர், 8பிரிஸ் அக்டோபர், 9பிரிஸ் நவம்பர், 10 அல்லது பெருக்கல் குறி போன்ற ரோமன் பத்தோடு வந்தால் டிசம்பர். இதை ஜூலை, ஆகஸ்ட் என்று எழுதிவைத்து, பிள்ளை பெற்றோர் கல்யாணத்துக்கு முன்பே பிறந்துவிட்டதாகக் குடும்ப மரம் போட்டவர்கள் உண்டு.

இன் பெரிகுலோ மோர்த்திஸ் என்றால் சாகும் ஆபத்தில் கொடுத்தது. அவசரத்துக்கு உபதேசியாரோ மருத்துவச்சியோ தண்ணீர் ஊற்றியிருப்பார். பிள்ளை பிழைத்தால் சாமியார் பிறகு மீதிச் சடங்கை முடிப்பார், அதற்கு ஒரு தேதி. ஒரே பிள்ளைக்கு இரண்டு தேதி வருவது இதனால்தான். சுப் கொந்தித்சியோனே என்றால் முதல் ஞானஸ்நானம் செல்லுமா என்ற சந்தேகத்தில் நிபந்தனையோடு கொடுத்தது. அதுல்துஸ் என்றால் பெரியவர், நேயோஃபித்துஸ் புதுக் கிறிஸ்தவர். தாது வருஷப் பஞ்சத்தின்போது, அதாவது 1876 முதல் 78 வரை, அதுல்துஸ் பதிவுகள் பக்கம் பக்கமாக வரும். உங்கள் குடும்பத்தின் முதல் கிறிஸ்தவப் பெயர் அங்கே நின்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை; அதற்கு முன்னால் கோவில் புத்தகத்தில் தேடுவது வீண்.

பெயர்களை லத்தீனுக்கு மாற்றி எழுதியிருப்பதுதான் பெரிய தொல்லை. யோவான்னெஸ் என்றால் வீட்டில் அருளப்பன், பேத்ருஸ் இராயப்பன், பௌலுஸ் சின்னப்பன், ஸ்தேஃபானுஸ் முடியப்பன், யாக்கோபுஸ் யாகப்பன் அல்லது சந்தியாகு, அலோசியுஸ் ஞானப்பிரகாசம், லாசாருஸ் தேவசகாயம், பெனெதிக்துஸ் ஆசீர்வாதம், யோசேஃபுஸ் சூசை. ஒரே ஆள் ஞானஸ்நானப் புத்தகத்தில் பேத்ருஸ், கல்யாணப் புத்தகத்தில் ராயப்பன், கல்லறைப் புத்தகத்தில் இரண்டும் இல்லாமல் வீட்டுப் பெயர் என்று வருவார். பெயரை வைத்துக் காலத்தையும் சோதிக்கலாம். லூர்து என்ற பெயர் 1858க்கு முன் வர வழியில்லை. இந்தப் பக்கம் அது பரவியது 1877இல் வில்லியனூர் லூர்து மாதா கோவில் எழுந்த பிறகுதான். 1840ஆம் வருஷப் பதிவில் லூர்தம்மாள் வந்தால் நீங்கள் வருஷத்தைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

தமிழில் எழுதிய ஏடு

தமிழ்தானே என்று தைரியமாக இருக்க வேண்டாம், சில சமயம் லத்தீனைவிடக் கடினம். புள்ளி வைக்க மாட்டார்கள், ரகரமும் காலும் ஒரே கோடு, ஏகாரமும் எகரமும் ஒரே கொம்பு. எண்கள் தமிழ் இலக்கத்தில்: ௲௮௱௭௰௬ என்றால் 1876. ஒன்று ககரம் போலவும் இரண்டு உகரம் போலவும் ஏழு எகரம் போலவும் எட்டு அகரம் போலவும் இருப்பதால் சொல்லோடு கலந்துவிடும். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம். இந்த மூன்று குறியைக் கண்டுபிடித்துவிட்டால் பக்கத்தில் நிற்பது எண்தான்.

அறுபது வருஷச் சுற்றில் பிரபவ 1867, அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறப்பதால் தாது வருஷத்துத் தை, மாசி 1877ஐச் சேர்ந்தவை. 1876 என்று எழுதினால் ஒரு வருஷம் பிசகும்.

கல்யாணப் புத்தகத்தில் இருக்கும் புதையல்

பெரும்பாலோர் தேதியை எழுதிக்கொண்டு மூடிவிடுகிறார்கள். ஓரத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். நம்மவர்கள் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று கட்டுவார்கள். திருச்சபைச் சட்டம் அதைத் தடை என்று சொல்லும். ஆகவே மேற்றிராணியாரின், அதாவது ஆயரின் விலக்கு வாங்கியாக வேண்டும், வாங்கியதைப் பதிவிலும் எழுத வேண்டும். தீஸ்பென்சாத்தி இன் செக்குந்தோ கிராது கொன்சங்குயினித்தாத்திஸ் என்றால் இரண்டாம் படி இரத்த உறவுக்கு விலக்கு: மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே தாத்தா பாட்டி. மூன்றாம் படி என்றால் கொள்ளுத்தாத்தா ஒன்று. முதல் படியும் இரண்டாம் படியும் சேர்ந்து வந்தால் மாமனும் மருமகளும், அதாவது அக்காள் மகள் கல்யாணம். தாத்தா பெயர் எங்கும் எழுதாத குடும்பத்தில் இரண்டு கிளையை ஒரே வேரில் கட்டுவது இந்த ஒற்றை வரிதான்.

1918க்கு முன் நான்காம் படி வரை தடை, அதன்பின் மூன்றாம் படி வரை. அஃபினித்தாத்திஸ் என்ற சொல் வந்தால் அது இரத்த உறவு அல்ல. பெரும்பாலும் செத்துப்போன மனைவியின் தங்கையைக் கட்டியது. அப்போது முதல் மனைவியின் சாவை முந்தைய வருஷங்களில் தேடுங்கள்.

தேதியே தெரியாவிட்டால் தபசுகாலத்துக்கு முந்தைய வாரங்களையும் பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு)ப் பிந்தைய மாதங்களையும் முதலில் பாருங்கள். தபசுகாலத்திலும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலத்திலும் ஆடம்பரக் கல்யாணம் கிடையாது. ஓலை வாசித்தவர்கள், அதாவது கோவிலில் கல்யாண அறிவிப்பு ஆனவர்கள் எல்லாம் அதற்கு முன் முண்டியடிப்பார்கள். 1908க்குப் பின் கல்யாணம் ஆனால் அதை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்று விதி. ஆகவே பிறப்புப் பக்கமே சில சமயம் கல்யாண ஊரைச் சொல்லிவிடும்.

சாவுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வயது தோராயம், ஐம்பது, அறுபது என்று முழு எண்ணில் இருந்தால் பத்து வருஷம் முன்பின் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே ஒத்துப் பார்ப்பது

கையெழுத்துப் போட்ட சாமியாரை அடையாளம் கண்டால் பாதிச் சந்தேகம் தீரும். பாரீஸ் வேதபோதக சபையின் ஆராய்ச்சி நிலையம் தன் வேதபோதகர் ஒவ்வொருவருக்கும் வாழ்க்கைக் குறிப்பை இணையத்தில் வைத்திருக்கிறது: பிறந்த ஊர், கப்பலேறிய தேதி, எந்த வருஷம் எந்த ஊரில் வேலை. பிரெஞ்சில் இருக்கும், மொழிபெயர்ப்புச் செயலி போதும். பதிவின் தேதியில் அந்தச் சாமியார் அந்த ஊரில் இல்லை என்றால் உங்கள் கையில் இருப்பது பின்னால் யாரோ பெயர்த்தெழுதிய நகல். நகலில் வரி தாண்டுவதும் பெயர் மாறுவதும் சகஜம்.

பிரெஞ்சு மண் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1776 ஜூன் அரசாணைப்படி குடியேற்றங்களின் ஏடுகளுக்கு ஒரு பிரதி பிரான்சுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்த வரிசை இன்று எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெயர் போட்டுத் தேட முடியாது. இந்தியா, பிறகு ஊர், பிறகு வருஷம் என்று தேர்ந்து, அந்த வருஷக் கடைசியில் அட்டவணை இருக்கிறதா என்று பார்த்து, அங்கிருந்து பின்னால் வாருங்கள். 1761இல் இங்கிலீஷ்காரர் ஊரை இடித்ததையும் அடுத்தடுத்த முற்றுகைகளையும் நினைவில் வைத்தால் இடைவெளிகள் ஏன் என்று புரியும். 1881 செப்டம்பர் ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு வந்தவர்கள் அப்போதுதான் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரை வைத்து 1881க்கு முன்னால் தேடினால் ஒன்றும் அகப்படாது. தாத்தாவின் ஒற்றைப் பெயரைத்தான் தேட வேண்டும்.

கடலூர்ப் பக்கம் இங்கிலீஷ் மண். பாகூரில் வீடு, எல்லை தாண்டி வயல் என்று இருந்த குடும்பத்துக்கு இரண்டு பக்கமும் தேடல் உண்டு. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்குப் பின் கோவில் கல்யாணங்களுக்கு அரசுக்குக் காலாண்டுக் கணக்குப் போயிருக்கிறது. பங்குப் புத்தகத்தைக் கரையான் தின்றிருந்தால் அந்தக் கணக்கைக் கேட்கலாம். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள சென்னை மாகாணக் கோவில் பதிவுகள் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பற்றியவை. தமிழ்க் குடும்பம் அங்கே கிடைக்கும் என்று பணம் கட்ட வேண்டாம்.

குறித்துவைக்கும் முறை

ஒவ்வொரு பதிவையும் மூன்று வரியில் வையுங்கள்: மூலத்தில் உள்ளபடி, தமிழில் பொருள், உங்கள் ஊகம். மூன்றையும் கலக்காதீர்கள். படிக்க வராத எழுத்துக்குப் புள்ளி போட்டு விடுங்கள், நிரப்பாதீர்கள். மூத்த பிள்ளை செத்தால் அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது வழக்கம் என்பதால், ஒரு ஞானஸ்நானம் கிடைத்தவுடன் அடுத்த ஐந்து வருஷச் சாவுப் பக்கங்களையும் பார்த்துவிட்டுத்தான் ‘இவர்தான்’ என்று எழுத வேண்டும்.

ஏட்டில் சாதிப் பெயர், முறைதவறிப் பிறந்தது போன்ற குறிப்புகள் வரும். குடும்ப வாட்சப் குழுவில் பக்கத்தின் முழுப் படத்தைப் போட்டால் அதே பக்கத்தில் இருக்கும் மற்றப் பத்துக் குடும்பத்தின் குறிப்பும் ஊரெல்லாம் போகும். உங்கள் பதிவை மட்டும் வெட்டி அனுப்புங்கள். எடுத்த படங்கள் முழுவதையும் ஒரு பென் டிரைவில் போட்டு, புத்தக வரிசைப் பட்டியலோடு பங்குச்சாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை அந்தப் புத்தகத்தை யாரும் திறக்க வேண்டியிருக்காது.